பழைய காரை டிராக்டர் ஆக்கலாமா? வெட்டும் முன் இதைப் படியுங்கள்

கன்னிப்பூ அறுப்பு முடிந்து கும்பப்பூவுக்குத் தொளி உழவு தொடங்கும் நேரம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் டிராக்டர் வேண்டும். அரை ஏக்கர்காரருக்கு முறை கடைசியில்தான் வரும். அப்போது தோன்றும்: "ஷெட்டுல சும்மா கிடக்குற பழைய காரை டிராக்டரா மாத்திட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

முன்பே செய்திருக்கிறார்கள்

அமெரிக்காவில் 1930, 40-களில் பழைய ஃபோர்டு கார்களை வெட்டி ஏர் பூட்டினார்கள். போர்க்காலத்தில் டிராக்டர் கிடைக்காத ஸ்வீடனில், 1940-ல் அரசே இதற்கு விதி வகுத்தது. நம் நாட்டில் குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி, 1990-களில் புல்லட் மோட்டார் சைக்கிளை உழவு வண்டியாக மாற்றிக் காப்புரிமையும் பெற்றார்.

எங்கே சிக்கல்?

கார் எஞ்சினுக்குச் சக்தி உண்டு. ஆனால் அது வேகமாக ஓடப் பிறந்தது. உழவு மனிதன் நடக்கிற வேகத்தில் நடக்க வேண்டும். அதனால் இரண்டு கியர் பாக்ஸை அடுத்தடுத்துப் பொருத்துவார்கள். வேகம் குறையும், இழுவை கூடும். அந்த இழுவையைத் தாங்காமல் ஆக்சில் முறியலாம். மெதுவாகப் போகும்போது காற்று போதாமல் ரேடியேட்டர் கொதிக்கும்.

தொளியில் ஒரு சக்கரம் புதைந்தால் அது மட்டும் சும்மா சுழலும். டிராக்டரில் இரு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட வசதி உண்டு. சாதாரணக் காரில் இல்லை. கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் ரோட்டாவேட்டரைச் சுழற்றும் தண்டும் காரில் கிடையாது.

உயிர் ஆபத்தும் உண்டு. இழுவைச் சங்கிலியைப் பின் ஆக்சிலுக்கு மேலே கட்டினால், ஏர் சிக்கும்போது முன்பக்கம் எழும்பி வண்டி பின்னால் கவிழலாம். வரப்பு ஏறி இறங்கும் இடத்தில் கவனம் இன்னும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"வயலுக்குள்ள மட்டும்தானே ஓட்டுறேன்" என்பீர்கள். ஆனால் வீட்டிலிருந்து வயலுக்குப் போக ரோட்டைத் தொட வேண்டுமே! அங்கே யார் மீதாவது மோதினால், காப்பீடு இல்லாத வண்டிக்கான நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். ஒரு விபத்தில் வயலே கைவிட்டுப் போகலாம்.

வேறு வழி உண்டா?

உண்டு.

வாடகை: உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை சேவையில் டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் எடுக்கலாம். கட்டணத்தைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். உழவு நேரத்தில் கிராக்கி இருக்கும். அறுப்பு முடியும் முன்பே பதிவு செய்வது நல்லது. பக்கத்து வயல்காரர்களும் அதே நாளைக் கேட்டால் ஒரே வண்டியில் வேலை முடியும்.

மானியம்: சின்ன வயலுக்குப் பவர் டில்லர் தோதானது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் தரப்படுகிறது. இரண்டரை ஏக்கர் வரை இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இதற்கான சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்துடன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகுங்கள். ஒப்புதல் வரும் முன் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள்.

ஏற்கனவே வெட்டிவிட்டீர்களா?

கார் இனி ஓடாது என்ற நிலை வந்தால், 14 நாட்களுக்குள் ஆர்.சி. புத்தகத்துடன், வண்டி வழக்கமாக நிற்கும் உங்கள் இடத்துக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நாகர்கோவில் அலுவலகத்தின் குறியீடு டிஎன் 74, மார்த்தாண்டம் அலுவலகத்தின் குறியீடு டிஎன் 75.

உங்கள் கையில் நல்ல யோசனை இருந்தால் அதைப் பட்டறையோடு விட்டுவிடாதீர்கள். ஜகானி போன்ற கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் கைகொடுக்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை குஜராத்தில் இயங்குகிறது. அவர்களுக்கு எழுதுங்கள். வயலுக்கு மட்டும், இந்தப் பூவில் வாடகை டிராக்டரே இறங்கட்டும்.