கணினிக் காவலும் அடித்தளத் தெரிவும்

மனை கோலுவோன் சுவரின் வண்ணத்தைப் பற்றி எண்ணுமுன் நிலத்தின் இயல்பை ஆராய்வான். கணினிக்குக் காவல் தேடுவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேமிப்பகம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன. அங்கு வழங்கிய மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே அதற்குத் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்தியிருந்தது. பேணுவார் இல்லாத மென்பொருள் கதவில்லா வீட்டை ஒக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆதலின், காவலையே தலையாய நோக்கமாகக் கொண்ட பணிசெயல் முறைமை ஒன்றிற்கு எந்த லினக்ஸ் வழங்கல் அடித்தளமாதற்குத் தகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கணினியின் உறுப்புக்களையும் நாம் இயக்கும் செயலிகளையும் இணைத்து ஆளும் மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படும். லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த கருனியாகும். அக்கருனியோடு பல்லாயிரம் மென்பொருட் பொதிகளைச் சேர்த்துப் பயன்படும் வடிவில் தருவது வழங்கல் எனப்படும். டெபியன், பெடோரா, உபுண்டு என்பன அவற்றுட் சில. புதிய முறைமை ஆக்குவோர் இவையனைத்தையும் தாமே எழுதுவதில்லை; ஒரு வழங்கலை அடித்தளமாக்கி அதன்மேற் கட்டுவர். இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. 2023இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு தன் கணினிகளுக்கென ஏற்ற மாயா என்னும் முறைமைக்கு உபுண்டு அடித்தளமாயிற்று. உபுண்டுவோ டெபியனிலிருந்து கிளைத்தது.

இவ்வுறவை விளங்கிக்கொள்ள நம் நாட்டு வேளாண்மை துணைசெய்யும். மேலே குளம் இருக்கிறது. வாய்க்கால் வழியே நீர் வட்டைக்கு வருகின்றது. குளத்து நீர் கெடின் கடைசி வயல் வரையும் கேடு பரவும். 2006இல் டெபியனின் பேணுநர் ஒருவர் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையீட்டு மென்பொருளிற் செய்த சிறு திருத்தத்தால், அதனைக்கொண்டு உருவாகும் சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 சாவிகளே உண்டாகத்தக்க நிலை ஏற்பட்டது. 2008 மே மாதத்தில் அக்குறை வெளிப்பட்டபோது, டெபியனின் வழிவந்த உபுண்டுவும் அதே திருத்தத்தை நாட வேண்டியதாயிற்று. அடித்தளத்தைத் தெரிபவன் அதன் நலத்தோடு பிழையையும் ஏற்கின்றான் என்க.

அங்ஙனமாயின் புதியது நன்றோ, பழையது நன்றோ? 2024 மார்ச் மாதத்தில், எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு மென்பொருளில் ஒரு கள்ளவாயில் புகுத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. இரண்டாண்டுக்கு மேலாக நல்லுதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதனைப் புகுத்தினார். கணினியுள் நுழைதற்கு அரைநொடி கூடுதலாகச் செல்வதை ஐயுற்ற ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டறிந்தார். டெபியனின் சோதனைக் கிளைகளிலும் பெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளிலும் அது நுழைந்திருந்தது. டெபியனின் நிலைப்பதிப்பை எட்டவில்லை. நீரைத் தேக்கித் தெளியவிட்டுப் பின் திறப்பதில் உள்ள நன்மை இதனாற் புலனாகும். எனினும் தெளியவிடுதல் வேறு, பாசி படியக் கைவிடுதல் வேறு. டெபியனின் நிலைப்பதிப்பு நெடுநாட் பேணலையும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தாண்டுகள் திருத்தம் பெறுகின்றது. பெடோராப் பதிப்பு ஒன்று ஏறக்குறைய 13 மாதங்களே பெறுகின்றது.

இவ்வளவும் கேட்பார், காவல் முறைமைக்குப் பெடோரா ஆகாது என முடிவுகட்டுவர். ஆயினும் கியூப்ஸ் என்னும் முறைமை அதனையே தன் தாங்குமுறைமைக்கு, அஃதாவது ஏனையவற்றைத் தாங்கி ஆளும் பகுதிக்கு, அடித்தளமாகக் கொண்டுள்ளது. 2012இல் முதற்பதிப்புக் கண்ட கியூப்ஸ், ஸென் என்னும் மென்பொருளின் துணையால் ஒரே கணினியைப் பல தனியறைகளாகப் பிரிக்கின்றது. வங்கிப் பணி ஓர் அறையிலும் மின்னஞ்சல் மற்றோர் அறையிலும் நடைபெறும். ஓர் அறை கெடினும் அடுத்த அறை கெடாமற் காத்தலே நோக்கம். 2023 திசெம்பரில் வெளிவந்த அதன் 4.2 பதிப்பின் தாங்குமுறைமை பெடோரா 37 ஆகும். அப்பெடோராவின் பேணற்காலமும் அதே திசெம்பரில் முடிந்தது.

இதனைக் கவனக்குறைவு எனல் பொருந்தாது. தாங்குமுறைமைக்கு வலையமைப்புத் தொடர்பு இல்லை. மடல் திறத்தலும் இணையம் மேய்தலும் அதனுள் நடைபெறா. பகைவன் நேரே தொடக்கூடிய ஸென், கருனி முதலிய பகுதிகளுக்குக் கியூப்ஸ் குழுவினரே திருத்தம் தருகின்றனர். வெளியுலகை எதிர்கொள்ளும் அறைகளில் இயங்கும் பெடோரா, டெபியன் ஆகியன காலந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. இலங்கை அரசின் மின்னஞ்சல் மென்பொருளும் காலங்கடந்ததே. ஆயின் அது வெளியுலகுக்குத் திறந்து நின்றது. இரண்டையும் வேறுபடுத்துவது வயதன்று, வெளிப்பாடே ஆகும்.

இன்னும் ஒன்று கருதற்பாலது. 2029 வரை பேணப்படும் என எண்ணியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021இன் இறுதியோடு நிறுத்தப்படும் என 2020 திசெம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டோர் ஓராண்டுக்குள் வேறிடம் தேட நேர்ந்தது. ஆகவே பேணுபவர் யாவர் என்பதோடு, அவர் நிறுத்தினால் வேறெவர் தொடர்வர் என்பதையும் உசாவல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, தெரிவோர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இதனைத் திருத்துவார் யாவர்? எத்துணைக் காலம் திருத்துவர்? இப்பகுதி எவ்வளவு வெளிப்பட்டு நிற்கின்றது? பள்ளியின் புள்ளிப் பதிவுகளும் வைத்தியசாலையின் நோயாளர் குறிப்புகளும் கணினிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், இவ்வினாக்கள் வல்லுநருக்கு மட்டும் உரியனவல்ல. வட்டைவிதானை வாய்க்காலை நாடோறும் பார்வையிடாவிடின், எப்பெருங்குளத்து நீரும் கடைவயலை வந்தடையாது. அடித்தளம் எதுவாயினும் அதனைப் பேணும் கை ஓயாதிருத்தலே காவலாகும்.