மூலப்படம் எது?

ஒரு வீடு கட்டுவதாயினும் சரி, ஒரு பாலம் அமைப்பதாயினும் சரி, கல்லும் மணலும் வந்து இறங்குமுன் வந்து சேரவேண்டியது படமாகும். அப்படத்தை இக்காலத்திலே பலகையிற் கடதாசியை விரித்து வரைவோர் மிகச் சிலரே. ஏனையோர் கணினியிலேயே வரைகின்றனர். உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவர் பலர் ஓட்டோகாட் வகுப்புகளுக்குச் சென்றுவருவதை நாம் காண்கின்றோம். கோடு கீறவும், வட்டம் போடவும், அளவு குறிக்கவும் அங்கே நன்றாகக் கற்பிக்கின்றனர். ஆனால், வரைந்த படத்தை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயரிடுவது, திருத்திய பின்னர் பழையதை என்ன செய்வது என்பன பற்றிய பேச்சு அங்கே குறைவு. பொறியியற் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களை எதிர்கொள்ளும் வினாக்களோ இவைதாம். ஆதலால் இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கணினி வருமுன் இருந்த படவரைஞர் கந்தோரை முதலில் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கே மூலப்படம் என்பது ஒன்றே. ஒளி ஊடுருவும் துணியிலோ தாளிலோ மையினால் வரையப்பட்டு, அகன்று தாழ்ந்த இழுப்பறையிலே அது மடிக்கப்படாமற் கிடக்கும். வேலைத்தளத்துக்குச் செல்வது அதன் படியே. 1842ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்த முறைப்படி எடுத்த படியிலே தாள் முழுவதும் நீலமாகவும் கோடுகள் வெள்ளையாகவும் இருக்கும். பின்னர் வந்த அமோனியா முறையிலே வெள்ளைத் தாளில் நீலக் கோடுகள் அமைந்தன. எம்முறையாயினும், கையிலெடுத்த மாத்திரத்தே இது படி, மூலமன்று என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். திருத்தம் வேண்டுமாயின் மூலத்தை வெளியே எடுத்து, மைக்கோட்டைச் சவர அலகினாற் சுரண்டி, புதிதாக வரைந்து, என்ன மாற்றினோம், எந்நாளில் மாற்றினோம், மாற்றியவர் யார் என்பவற்றை மூலையிலே குறித்து வைப்பர். அதன் பின்னரே புதிய படிகள் வெளியே செல்லும்.

கணினி இந்த வேறுபாட்டை அடியோடு ஒழித்துவிட்டது. ஒரு கோப்புக்குப் படி எடுத்தால், மூலத்துக்கும் படிக்கும் இடையே மயிரிழை வேற்றுமையும் இராது. இரட்டைப் பிள்ளைகளில் மூத்தது எதுவெனப் பெற்ற தாய் அறிவாள். இங்கே வரைந்தவருக்கும் அது தெரியாது. திங்கட்கிழமை ஒரு படம் படவரைஞரின் கணினியிலும், பொறியியலாளரின் மின்னஞ்சலிலும், மேற்பார்வையாளரின் கைத்தொலைபேசியிலும் ஒன்றுபோல இருக்கின்றது. புதன்கிழமை அவற்றுள் ஒன்றில் ஒரு தூண் நகர்த்தப்படுகின்றது. வெள்ளிக்கிழமை கொங்கிறீற் ஊற்றுகின்றார்கள். எந்தப் படத்தின்படி ஊற்றினார்கள்?

பொறியியற் கந்தோர்களிலே கோப்புகளைப் பேணுவதற்கு வகுக்கப்பட்டுள்ள விதிகள் பல. ஆயினும் அவையாவும் இந்த ஒரு வினாவுக்கு விடை கூறவே எழுந்தன என்பது எமது எண்ணம்.

முதல் விதி இடத்தைப் பற்றியது. நடைமுறையிலுள்ள ஒரு படத்துக்கு ஓர் இடமே இருத்தல் வேண்டும். அது கந்தோரின் பொதுச் சேவையகத்திலே, வேலையின் இலக்கமிட்ட கோப்புறையுள் இருத்தல் வேண்டும். சொந்தக் கணினியின் முகப்பிலும் பென் டிரைவிலும் வைத்து வரைவது வசதியாகத் தோன்றும். ஆனால் அங்கே வரைந்தது மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கையில் இன்னொருவர் அதைத் திறந்தால், “வாசிக்க மட்டும்” என்று மென்பொருள் எச்சரிக்கும். அவசரக்காரர் என்ன செய்கின்றார்? வேறொரு பெயரிலே சேமித்துக்கொண்டு தம் வேலையைத் தொடர்கின்றார். அந்தக் கணத்திலேயே இரண்டாவது மூலப்படம் பிறந்துவிடுகின்றது. எழுந்து சென்று, “தம்பி, அந்தப் படத்தை எப்போது மூடுவீர்?” என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் சர்வதேச நியமம் படங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றது. வரைந்துகொண்டிருப்பவை, ஏனைய துறையினருடன் பகிர்ந்துகொண்டவை, அங்கீகாரம் பெற்று வெளியிடப்பட்டவை, பழையனவாய்ச் சேமத்தில் வைக்கப்பட்டவை என்பன அவை. பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. மூன்று பேர் வேலைசெய்யும் சிறிய கந்தோருக்கு நான்கு கோப்புறைகளே போதும். வெளியிடப்பட்டவை இருக்கும் கோப்புறையில் எவரும் கை வையாதிருத்தலே முக்கியம்.

அடுத்தது பெயர். “புதியது”, “கடைசி”, “கடைசித் திருத்தம்”, “இதுதான் கடைசி” என்று பெயர்கள் வரிசையாக நிற்கும் கோப்புறையைக் காணாத கந்தோர் அரிது. கடைசி என்பது அன்றைய மனநிலையைக் காட்டுமேயன்றிப் படத்தைக் காட்டாது. பெயரிலே வேலையின் இலக்கம், துறை, மாடி, படத்தின் வகை, படத்தின் எண் ஆகியன ஒரே ஒழுங்கில் வருதல் வேண்டும். திகதி இடுவதாயின் ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கிலே இடுக. அப்பொழுதுதான் கணினி தானாகவே அவற்றைக் கால வரிசையில் அடுக்கும். வரைந்துகொண்டிருக்கும் கோப்பின் பெயரை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மாற்றுதல் நன்றன்று. வெளியிடும் பீ.டி.எப். படியின் பெயரிலும் படத்தின் தலைப்புக் கட்டத்திலுமே திருத்த எண் வரட்டும். பிரித்தானிய முறையிலே, ஆலோசனைக்காக அனுப்பும் படத்துக்குப் பி என்ற எழுத்தும், கட்டுமானத்துக்காக அனுப்பும் படத்துக்குச் சி என்ற எழுத்தும் எண்ணுக்கு முன்னே இடப்படும். பி 03 என்று குறித்த படத்தைக்கொண்டு எவரும் கம்பி கட்டத் தொடங்கலாகாது என்பது இதனால் எல்லார்க்கும் விளங்கும்.

திருத்தத்தைச் செய்வது ஒன்று. திருத்தம் செய்யப்பட்டது என்பதைப் பிறர் காணச் செய்வது வேறொன்று. மாற்றிய இடத்தைச் சுற்றி முகில் வடிவிலே கோடு வரைந்து, அருகே முக்கோணத்துள் திருத்த எண்ணை இடும் வழக்கம் அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. அமெரிக்காவின் கான்சாஸ் நகரிலே ஒரு பெரிய ஹோட்டலின் மண்டபத்திலே தொங்கும் நடைபாதைகள் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. முதலில் எண்ணியபடி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்க வேண்டியிருந்தது. உருக்கு வேலை செய்தவர்களின் வசதிக்காக அது இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டது. மேல் நடைபாதை கூரையிலும், கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலும் தொங்கலாயின. படத்திலே பார்ப்பதற்கு இது மிகச் சிறிய மாற்றம். ஆனால் மேல் நடைபாதையைத் தாங்கிய சுரையின்மீது விழுந்த பாரம் இருமடங்காயிற்று. மாற்றிய படம் பொறியியலாளரின் முத்திரையையும் பெற்றது. எனினும் அந்த இணைப்பை எவரும் மீண்டும் கணித்துப் பார்க்கவில்லை. முதல் அமைப்பே கட்டட விதிகள் கோரிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்பதும் பின்னர் வெளியாயிற்று. 1981ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி நடைபாதைகள் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். அது கணினிப் படமன்று. ஆயினும் இன்று அத்தகைய மாற்றத்தைச் செய்வதற்கு இரண்டு தரம் விசையை அழுத்தினாற் போதும் என்பதை எண்ணும்போது நமக்கு அச்சமே உண்டாகின்றது. தலைப்புக் கட்டத்திலே வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஒருவர் பெயரே காணப்படுமாயின் அப்படத்தைச் சந்தேகத்துடன் நோக்குதல் வேண்டும்.

இனி, படத்துள் படம் பற்றிச் சொல்வோம். கட்டடக் கலைஞர் வரைந்த தளப்படத்தின்மீதே மின்சாரம், நீர்க்குழாய், தூண், வளை யாவும் வரையப்படுகின்றன. தளப்படத்தைத் தத்தம் கோப்பினுள் படியெடுத்து ஒட்டிக்கொள்வோர் பலர். அங்ஙனம் செய்தால், சுவர் ஒன்று நகரும்போது நான்கு கோப்புகளில் நான்கு பேர் அதனை நகர்த்தல் வேண்டும், ஒருவராவது மறப்பார். எக்ஸ்ரெஃப் என்னும் வசதியைப் பயன்படுத்தினால், தளப்படம் வெளியே தனிக் கோப்பாகவே இருந்துகொண்டு நமது படத்துள் தோற்றமளிக்கும். அதனை ஒரிடத்தில் திருத்தினாற் போதும். ஆனால் இதிலும் இரு கண்ணிகள் உண்டு. கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றினால் தளப்படம் காணாமற் போகும். முழு முகவரியைக் கொடாமல், நமது கோப்பு இருக்கும் இடத்திலிருந்து வழிகாட்டும் சார்பு முகவரியைக் கொடுத்தால் இது பெரும்பாலும் நேராது. மற்றக் கண்ணி இதனினும் கூரியது. வெளியார் அனுப்பிய புதிய தளப்படத்தைப் பழையதன்மேல் அப்படியே வைத்துவிட்டால், நமது படமும் நாம் அறியாமலே மாறிவிடும். வெளியிலிருந்து வருபவற்றைப் பெற்ற திகதியிட்ட கோப்புறையிலே தொடாமல் வைத்து, பழையதோடு ஒப்புநோக்கிய பின்னரே பாவனைக்கு எடுத்தல் வேண்டும்.

கோப்பு மற்றவரிடத்திலும் சரியாகத் திறக்குமா என்பது அற்ப விடயமாகத் தோன்றலாம். எயார்பஸ் நிறுவனம் இதனால் அடைந்த இடர் சிறிதன்று. ஏ380 என்னும் ஈரடுக்கு விமானத்தின் பகுதிகள் ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலே செய்யப்பட்டு, பிரான்சின் துலூஸ் நகரிலே பொருத்தப்பட்டன. ஒவ்வொரு விமானத்தினுள்ளும் ஏறத்தாழ 530 கிலோமீற்றர் நீளமான மின்கம்பிகள் ஓடின. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலிருந்து வந்த கம்பிக் கட்டுகளைத் துலூஸிலே பொருத்த முயன்றபோது அவை உரிய இடங்களுக்கு எட்டவில்லை. ஜேர்மனியரும் ஸ்பானியரும் கேட்டியா என்னும் வரைதல் மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் 5ஆம் பதிப்பிலும் வேலைசெய்தனர். பெயர் ஒன்றாயினும் இரண்டும் உள்ளமைப்பில் வேறுபட்டவை; ஒன்றிலே செய்த மாற்றம் மற்றொன்றுக்குப் பிழையின்றிச் சென்று சேரவில்லை. 2006ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தாமதம் அறிவிக்கப்பட்டதும், தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் காற்பங்குக்கு மேல் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே தலைவர்கள் பதவி விலகினர். முதல் விமானம் சிங்கப்பூர் விமான நிறுவனத்தின் கைக்குச் சென்றது 2007 ஒக்டோபரிலேயாம்.

நமது சிறு கந்தோர்களுக்கு இதிலே பாடம் உண்டு. ஓட்டோகாட்டின் டி.டபிள்யூ.ஜி. கோப்பு எக்காலத்தும் ஒரே அமைப்பில் இருந்ததில்லை. 2018ஆம் ஆண்டு அமைப்பிலே சேமித்த படத்தை அதற்கு முந்திய பதிப்புகள் திறவா. எந்த அமைப்பிலே கோப்புகளைப் பரிமாறுவது, மில்லிமீற்றரா மீற்றரா அலகு என்பவற்றை வேலை தொடங்கும் நாளிலேயே எழுத்திலே உடன்பட்டுக்கொள்ள வேண்டும். மீற்றரில் வரைந்த படத்தை மில்லிமீற்றர்ப் படத்துள் அப்படியே செருகினால், மாளிகை தீப்பெட்டி அளவாகிவிடும். அதையாவது கண் கண்டுகொள்ளும். அங்குலமும் சென்ரிமீற்றரும் மயங்கும் இடங்களிலே கண் ஏமாறும்.

சில சில்லறை விடயங்களையும் சொல்லி வைப்போம். எதனையும் உண்மை அளவிலேயே வரைந்து, அச்சிடும்போது மாத்திரம் சுருக்குக. சுவருக்கொரு லேயர், கதவுக்கொரு லேயர் என்று கந்தோர் முழுவதும் ஒரே பெயர்களை வைத்துக்கொள்க. பாவனையில் இல்லாத லேயர்களையும் பிளொக்குகளையும் பேர்ஜ் என்னும் கட்டளையினால் இடைக்கிடை அகற்றுக. படத்தை அனுப்பும்போது அதனோடு இணைந்த எக்ஸ்ரெஃப், எழுத்துருக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் ஈ-டிரான்ஸ்மிற் வசதியை மறவற்க.

பிறர் அனுப்பிய பொதியைத் திறப்பதிலும் அவதானம் வேண்டும். 2012ஆம் ஆண்டிலே மெட்ரே என்னும் தீநிரல், பெரு நாட்டிலே பெருமளவில் பரவி, ஓட்டோகாட் படங்களைச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்குத் திருட்டுத்தனமாய் அனுப்பியதை ஆய்வாளர் கண்டுபிடித்தனர். படத்தோடு ஒரே கோப்புறையிலே கிடந்த சிறிய நிரற் கோப்பே அதன் வாகனம். ஆகவே, வந்த பொதியிலிருந்து படங்களை மாத்திரம் எடுத்து, ஏனையவற்றை ஆராய்ந்த பின்னரே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

மின்வெட்டின் கொடுமையை 2022ஆம் ஆண்டில் நாம் அனைவரும் அனுபவித்தோம். அப்படிக் கணினி திடீரென அணைந்தாலும் எல்லாம் போய்விடாது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முந்திய நிலையை ஓட்டோகாட் ‘பாக்’ என்று முடியும் கோப்பாக வைத்திருக்கும். முடிவெழுத்துகளை மாற்றினால் அது படமாகத் திறக்கும். இயல்பான அமைப்பிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவும் சேமித்துக்கொள்ளும். ஆனால் இவை தடுக்கி விழுந்தவர்க்கு ஊன்றுகோலேயன்றிக் காப்புப் பிரதி ஆகமாட்டா. வேறு இரு சாதனங்களில் இரண்டு பிரதிகளும், அவற்றுள் ஒன்று கந்தோருக்கு வெளியேயும் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறையாவது அவற்றுள் ஒரு படத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத காப்புப் பிரதி திறவாமலே போனதை, தேவைப்பட்ட நாளிலேதான் பலர் அறிந்தனர்.

வேலை முடிந்ததும் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு. அதைத்தான் எவரும் விரும்பிச் செய்வதில்லை. பாறை இருந்தபடியால் வடிகாலை இரண்டடி தள்ளி வெட்டியிருப்பார்கள். குழாயை வேறு வழியால் கொண்டுபோயிருப்பார்கள். இம்மாற்றங்களை வேலைத்தளத்தின் கிறுக்கிய தாளிலிருந்து படத்துக்கு ஏற்றி, “கட்டியவாறு” என்று குறித்து, டி.டபிள்யூ.ஜி. கோப்போடு நெடுங்காலச் சேமிப்புக்கென 2005இல் வகுக்கப்பட்ட பீ.டி.எப்.-ஏ வடிவிலும், தாளில் அச்சிட்டும் உரிமையாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இருபது ஆண்டுகளின் பின்னர் அந்நிலத்திலே மண்வெட்டியை வைக்கப்போகும் தொழிலாளி, மின்வடம் எங்கே செல்கின்றது என்பதை அந்தத் தாளிலேதான் பார்ப்பார்.