911 தெரியும்... 211 தெரியுமா? மூன்று இலக்க எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வேலை

வீட்டில் தீப்பிடித்தால் அமெரிக்கர்கள் 911-ஐ அழைப்பார்கள். நம்மூர் 112 மாதிரி. ஆனால், வாடகை பாக்கி நிற்கிறது, கரன்ட்டைத் துண்டிக்கப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது, படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை... இதற்கெல்லாம் யாருக்கு போன் போடுவது?

அதற்குத்தான் 211. இந்த எண் நேரடியாகப் பணமோ, சாப்பாடோ தராது. எந்த உதவி எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டும்.

எப்போது தொடங்கியது?

1997-ல் அட்லாண்டாவில் 'யுனைடெட் வே' என்ற தொண்டு அமைப்பு 211-ஐத் தொடங்கியது. 1999-ல் கனெக்டிகட் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தது. 2000 ஜூலையில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், நாடு முழுவதும் இந்தச் சேவைக்கென்றே 211-ஐ ஒதுக்கியது.

கனெக்டிகட் சட்டென்று செய்துவிடவில்லை. அங்கே 1976-லிருந்தே 'இன்ஃபோலைன்' என்ற தகவல் மையத்தை மாநில அரசும் யுனைடெட் வேயும் சேர்ந்து நடத்திவந்தன. பட்டியலும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஏற்கெனவே தயார். மனதில் நிற்கும் சின்ன எண் மட்டும்தான் புதிது.

எண் கிடைத்தால் போதுமா?

போதாது. மக்கள் 211-ஐ அழுத்தினால் அழைப்பு சரியான மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு தொலைபேசி நிறுவனமும் தன் இணைப்பகத்தில் மாற்றம் செய்தாக வேண்டும். மாநில எல்லையில் நின்று செல்போனில் அழைத்தால், டவரைப் பொறுத்து பக்கத்து மாநிலத்துக்கு லைன் போய்விடலாம். சில அலுவலக போன்களில் மூன்று இலக்க எண்ணே வேலை செய்யாது. அதனால் மையங்கள் வழக்கமான நீண்ட எண் ஒன்றையும் கூடவே வைத்திருக்கின்றன.

கஷ்டமான வேலை எது?

பட்டியல்தான். எந்த அமைப்பு, எந்த ஊர், எத்தனை மணி வரை, யாருக்குத் தகுதி, என்னென்ன ஆவணம் தேவை? எல்லாமே அதில் இருக்க வேண்டும். உதவிகளை வகைப்படுத்த ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட பொது அகராதியே இருக்கிறது. 'உணவு' என்று பொதுவாகப் போட்டால் பயனில்லை. சமைத்த சாப்பாடா, மளிகைப் பொருளா, குழந்தைக்கான பால்பவுடரா என்று பிரித்தால்தான் சரியான இடத்தைச் சொல்ல முடியும்.

ஒவ்வொரு பதிவையும் வருடத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும் என்பது இந்தத் துறையின் விதி. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மூடிப்போன அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் நின்றவர், அடுத்த முறை அழைக்கவே மாட்டார்.

போனை எடுப்பவர் என்ன செய்வார்?

முதலில் காது கொடுத்துக் கேட்பார். வாடகைக்கு உதவி கேட்பவருக்கு வேலை போயிருக்கலாம். வீட்டில் அடி உதையும் இருக்கலாம். கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லாமல், கேட்காமல் விட்டதையும் பக்குவமாக விசாரிப்பதற்குத்தான் பயிற்சி. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைச் சொல்வார். அழைப்பவர் ரொம்பவே தடுமாறினால், லைனில் இருந்தபடியே அந்த அமைப்போடு இணைத்துவிடுவார்.

'அப்படி உதவி எதுவும் இல்லை' என்றால்?

அதுவும் பதிவாகும். எந்தப் பகுதியிலிருந்து என்ன கேட்டார்கள், எது கிடைக்கவில்லை என்ற கணக்கை மையங்கள் வைத்திருக்கின்றன. '211 கவுண்ட்ஸ்' என்ற இணையதளத்தில், இந்த மையங்களில் பலவற்றுக்கு வரும் கோரிக்கைகளை அஞ்சல் குறியீடு வாரியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த ஊரில் வீட்டுப் பிரச்சினை அதிகம், எங்கே மின்கட்டணம் கட்டத் திணறுகிறார்கள் என்பதை அதிகாரிகளுக்குக் காட்டும் கண்ணாடி அது.

செலவு யாருடையது?

சிக்கல் இங்கேதான். ஆணையம் எண்ணைக் கொடுத்தது, நிதி கொடுக்கவில்லை. மாநில அரசு, யுனைடெட் வே, நன்கொடை என்று இடத்துக்கு இடம் வேறு வேறு ஏற்பாடு. பணம் குறைந்தால் போன் மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால், பட்டியலைச் சரிபார்க்கும் ஆட்கள் குறைவார்கள். அந்தக் குறை வெளியே தெரியவே சில மாதங்கள் ஆகும். அதற்குள் பலர் பூட்டிய கதவுகளைத் தட்டிவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

இப்படியொரு எண்ணை எந்த மாநிலம் தொடங்க நினைத்தாலும், திறப்பு விழாவுக்கு முன்பே பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: அடுத்த வருடம் இந்தப் பட்டியலைச் சரிபார்க்கப்போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?