ஓட்டுநரும் ஒப்பந்தமும்

ராஜகுளம் வழியே செல்லும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் "பன்னிரண்டு மூன்று ஒப்பந்தம்" என்று சொன்னால் கணக்கென்று எண்ணிவிடாதீர்கள். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவு அது. சங்கமும் நிருவாகமும் தனியே செய்துகொண்ட உடன்பாடு, செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தியது. அரசின் சமரச அலுவலர் முயற்சியில் எழுதப்பட்டதோ சங்கத்தில் சேராதவரையும், பின்னர்ப் பணியில் சேர்ந்தவரையும் கட்டுப்படுத்திற்று. சந்தா கொடாதவருக்கும் பயனா என்று சிலர் முணுமுணுப்பர். ஒரே வேலைக்கு இருவேறு கூலியிருந்தால் நிருவாகம் மலிவானவரையே நாடும் அல்லவா?

ஊதியத்தை ஒப்பந்தம் வகுக்க, நேரத்தை 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம். மிகுந்தால் இரட்டைக் கூலி. 5 மணி நேரத்துக்குமேல் ஓய்வின்றி வேலை வாங்கலாகாது. களைத்த கண்ணோடு ஓட்டுபவரை நம்பிப் பின்னால் ஐம்பது பேர் அமர்ந்திருக்கின்றனரே! 2025 நவம்பரில் இவ்விரு சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன.