கணுக்காலில் ஊசி குத்தினால் சிறுநீர்ப்பை ஏன் அடங்குகிறது?

கொமரலிங்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறியதுமே உங்களுக்கு முட்டுகிறதா? பை நிறைந்திருக்காது. ஆனாலும் அடக்க முடியாத அவசரம்.

பாதி நிறைந்ததுமே பை சுருங்கத் தொடங்குவதுதான் காரணம். அதற்குக் காலில் எதற்கு ஊசி?

வயலுக்குத் தண்ணீர் தரும் ராஜவாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பல வயல்களுக்கு ஒரே மடைக்காரர். ஒரு வயல்காரர் ஓயாமல் கத்தினால் அந்த மடையே திறக்கும். இன்னொருவர் நிதானமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் மடைக்காரரின் கவனம் அந்தப் பக்கம் திரும்பும். அதுபோலத்தான், கணுக்கால் நரம்பும் சிறுநீர்ப்பை நரம்பும் தண்டுவடத்தின் அடியில் ஒரே இடத்தில் சேர்கின்றன.

உள்கணுக்காலுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே மெல்லிய ஊசி, அதில் இலேசான மின்சாரம். பெருவிரல் துடித்தால் இடம் சரி. வாரம் ஒருமுறை அரைமணி நேரம், 12 வாரம். சீன அக்குபஞ்சரின் சான்யின்ஜியாவ் புள்ளியும் அருகில்தான்!

இருமினால் சிறுநீர் கசிகிறதா? அதற்கு ஊசி இடுப்பின் பின்புறம். 2017இல் வெளியான சீன ஆய்வில், 504 பெண்களில் மின் ஊசி பெற்றவர்களுக்குப் போலி ஊசி பெற்றவர்களைவிடக் கசிவு குறைந்தது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் மின் ஊசியைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் முதலில் சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள்.