பறையைத் தொட்ட கைகள்

திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் பறை முழங்கக் கேட்டால், "யார் வீட்டில் சாவு?" என்றே நம்மில் பலர் கேட்போம். திருவிழாவாகவும் இருக்கலாமே என்ற நினைவு பிறகுதான் வரும். இதே வட்டாரத்துப் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் அமைத்த இராஜாஜி, கதர்ப் பணியோடு தீண்டாமை ஒழிப்பையும் மேற்கொண்டார். நூறாண்டு கடந்தும் பறையின்மேல் படிந்த பழி முற்றிலும் அகன்றபாடில்லை.

பழி தோலுக்கா? மிருதங்கமும் தோற்கருவியே, அது மேடையேறிற்று, பறை சேரியிலேயே நின்றது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தார். பின்னாளில் அதை இழிவாக்கியது ஓசையன்று. அதைத் தொட்ட கைகளை ஊர் விலக்கி வைத்ததே.

அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபை மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் பணித்தது. ஆர்மோனியமும் தபேலாவும் நம் ஆலயங்களில் இடம்பெற்றன. கிட்டார் வந்தபோது முகம் சுளித்த பெரியவர்களும் நாளடைவில் பழகிக்கொண்டார்கள். பறையோ, பல பங்குகளில், கொடியேற்றத்தன்றும் வாசலுக்கு வெளியேதான் நின்றது.

இங்கிருந்து தெற்கே, திண்டுக்கல்லில், அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு வேறு வழி கண்டது. ஏழைத் தலித் குடும்பத்து இளம்பெண்கள் அங்கே பறை பயின்றனர். ஆண்களே அடித்துவந்த கருவி அது. இழவுக்கு அடிப்பதென்று அவர்களின் பெற்றோரே வெறுத்தது. ஆட்டத்திற்கு முன் தீமூட்டித் தோலைக் காய்ச்சுவர். இளகிய தோல் இறுகிக் கணீரென்று ஒலிக்கும். இடக்கையில் மெல்லிய நீள் குச்சி, வலக்கையில் பருத்த குறுங்குச்சி. தோளில் பறையை மாட்டியதும் அவர்கள் நிமிர்ந்து நிற்கும் நிலையே வேறு! தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்ட பெண்கள், கூட்டத்தை நேருக்கு நேர் நோக்கி ஆடினர்.

சென்னையில் இளைஞர்கள் இதனை இன்னொரு வகையில் செய்தனர். 2018 ஜனவரியில் முதன்முறையாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, சாவு வீட்டுக் கானாவை ராக், ராப் இசையோடு இணைத்துச் சாதியை வெளிப்படையாகவே சாடியது. அந்த இரைச்சல் நம் செவிக்கு ஒவ்வாதிருக்கலாம். அதில் உள்ள வேதனையை ஒதுக்கிவிட முடியுமா?

திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை உண்டென்று இந்திய ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒப்புக்கொண்டது. தேர்ப்பவனிக்குப் பறையடிக்க அழைக்கும் இளைஞனுக்கு நாம் கூலி தருகிறோம்; சாப்பாடும் போடுகிறோம். மறுநாள் திருப்பலியில் பாடகர் குழுவின் பலகையில் அவனுக்கு இடம் விட்டோமா? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.