சால்மனுக்கு ஒமேகா-3 எங்கிருந்து வரும்?

நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990இல் சுமார் 90 சதவீதம் மீன்தூளும் மீன் எண்ணெயும்தான். 2020இல் அது கால்பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. சோயாவும் கடுகு இனத்து எண்ணெயும் அந்த இடத்தை நிரப்பின. புரதத்துக்கு இது போதும். ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்புகள் மட்டும் சாதாரணப் பயிர்களில் கிடையாது. மூளைக்கும் கண்ணுக்கும் அவை வேண்டும். சால்மனோ அவற்றைச் சொற்பமாகவே தயாரிக்கும்.

மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாறும் நெத்திலிக்கு அவை எப்படிக் கிடைக்கின்றன? கடலின் நுண்பாசிகள் அவற்றை உருவாக்குகின்றன. மிதவை உயிரிகள் வழியே மீனுக்கு வந்து சேர்கின்றன. அப்படியானால் மீனை அரைப்பானேன்? ஸ்கிசோகைட்ரியம் என்ற ஒற்றைச் செல் கடலுயிரி, வெளிச்சமே இல்லாத மூடிய தொட்டியில் சர்க்கரையை உண்டு டி.எச்.ஏ. நிறைந்த எண்ணெயைச் சேர்க்கிறது. சர்க்கரைக்கு வயல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் திமிங்கலமும் பென்குவினும் நம்பியிருக்கும் அண்டார்டிக் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரை ஒமேகா-3க்காக அள்ளுவதைவிட இதுவே நல்ல வழி என்பேன்.

தடை இந்தத் தொட்டி எண்ணெயின் விலைதான்; மீன் எண்ணெயைவிட அது அதிகம். 2023இல் எல் நினோவால் பெருவின் முதல் நெத்திலிப் பருவம் ரத்தானபோது மீன் எண்ணெய் விலை எகிறியது. இரண்டுக்கும் இடையிலான விலை இடைவெளி சுருங்கியது.